ஒரு குறை, இரண்டு கோடுகள்



டிசம்பர் 31 இரவு நன்றி வழிபாட்டுக்குக் கோவில் நிறைந்துவிடுகிறது. புத்தாண்டுத் திருப்பலி முடிந்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி வீடு திரும்பும்போது நம்மில் பலருடைய மனத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. இனிக் குடிப்பதில்லை, பிள்ளைகளிடம் கத்துவதில்லை, தினமும் நடைப்பயிற்சி, தினமும் செபமாலை, இரவு ஒன்பது மணிக்கு மேல் கைப்பேசியைத் தொடுவதில்லை. பொங்கலுக்குள் அதில் பாதி உதிர்ந்துவிடும். மீதியும் மெல்ல மறந்துபோகும்.

இதைச் சிரித்துக் கடந்துவிட முடியாது. இனிக் குடிப்பதில்லை என்று ஒருவர் சொல்லும்போது அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் அவருடைய மனைவி. நான்காவது ஆண்டாக அதே வாக்கைக் கேட்கும் பிள்ளை, அப்பாவின் சொல்லை நம்புவதை நிறுத்திவிடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, சொன்னவரே தம்மை நம்பாமல் போவது. 'நான் இப்படித்தான்' என்று முடிவுகட்டியவருக்கு ஒப்புரவு அருளடையாளமும் வெறும் சடங்காகவே தெரியும். விரும்பும் நன்மையைச் செய்ய முடியாமல் தவிப்பதைப் பற்றிப் பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் மனம் திறந்து பேசுகிறார். எனவே இது மனவுறுதி குறைந்த சிலருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல.

திருஅவையில் இதற்குப் பழைய, எளிய வழி ஒன்று உண்டு. 1521இல் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். மனம் மாறி மன்ரேசாவில் தங்கிச் செபித்த காலத்தில் அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகளே பின்னாளில் 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற நூலாக வளர்ந்தன. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் அதற்கு ஒப்புதல் அளித்தார். அந்நூலில் தனி ஆன்ம சோதனை என்றொரு முறை இருக்கிறது. ஆன்ம சோதனை என்றதும் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக எண்ணிப்பார்ப்பதுதான் நம் நினைவுக்கு வரும். இது வேறு. இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு குறை.

காலையில் எழுந்ததும், இன்று இந்தக் குறையில் விழாதபடி விழிப்பாக இருப்பேன் என்று உறுதி எடுக்க வேண்டும். மதிய உணவுக்குப் பின், எத்தனை முறை விழுந்தோம் என்று நினைவுகூரவும் திருந்தவும் இறைவனிடம் அருள் கேட்டு, எழுந்தது முதல் மணி மணியாகப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் முதல் கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் இரண்டாவது கோட்டிலும் அப்படியே. பின்பு கோட்டோடு கோட்டையும், நாளோடு நாளையும், வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். விழுந்த அந்த நேரத்திலேயே நெஞ்சில் கைவைத்து வருந்தவும் சொல்கிறார். பலர் நடுவில் இருந்தாலும் யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள் என்று சேர்த்துச் சொல்வது, மனிதரை நன்கு அறிந்தவர் பேச்சு!

நம் பட்டியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். நம் தீர்மானம் முதல் தவறிலேயே உடைந்துவிடும். 'அதுதான் போயிற்றே, இனி என்ன' என்போம். இஞ்ஞாசியாரோ புள்ளிகள் விழும் என்று தெரிந்தே கோடு போடுகிறார். விழுந்ததை எண்ணுவதும் முயற்சியின் ஒரு பகுதிதான்.

கோபத்தை எடுத்துக்கொள்வோம். 'இனிக் கோபப்படமாட்டேன்' என்பதை எண்ண முடியாது. 'பிள்ளைகளிடம் கத்துவதில்லை' என்பதை எண்ணலாம். ஒரு வாரம் புள்ளி வைத்துவந்த தாய்க்கு, புள்ளிகளெல்லாம் காலை ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில், பள்ளி வேன் வருவதற்கு முன் விழுவது தெரியவரலாம். காலுறையைக் காணோம், டைரியில் கையெழுத்து வாங்கவில்லை, இட்லி இன்னும் வேகவில்லை. அவற்றுள் சிலவற்றை முந்தைய இரவே எடுத்துவைத்தால் சில புள்ளிகள் குறையும். இதை ஆன்மீகம் அல்ல என்று தள்ளிவிட வேண்டாம். நம் பாவங்களில் பலவற்றுக்குக் கால அட்டவணை உண்டு.

குடிப்பழக்கத்தைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. அது முற்றியவர்களுக்கு நோட்டும் கோடும் மட்டும் போதாது. திடீரென்று நிறுத்துவது உடலுக்கே ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' குழுக்கள் நம் நாட்டிலும் கூடுகின்றன. ஆண்டு முழுவதற்கும் அங்கே யாரும் சபதம் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சனவரி பாதி போய்விட்டதே என்று தயங்க வேண்டாம். புனிதரின் நூலில் உள்ள கோட்டுப் படம் ஞாயிறில்தான் தொடங்குகிறது. அந்நாளுக்கு உரிய எழுத்து பெரிதாகவும், அடுத்தடுத்த நாள்களுக்கு உரியவை படிப்படியாகச் சிறுத்தும் இருக்கும். நம் நோட்டில் செவ்வாயைவிடப் புதனன்று புள்ளிகள் கூடியிருக்கலாம். வியாழனுக்கும் இரண்டு கோடுகள் போட்டுவைப்போம். பிள்ளைகளின் பழைய நோட்டில் மீந்த தாள்கள் போதும்.