வயிற்றுப் புண்ணும் வீட்டு வைத்தியமும்

நடுநிசியில் மேல்வயிற்றில் எரிச்சல் கண்டு உறக்கம் கலைகிறது. எழுந்து ஒரு தம்ளர் பால் அருந்துகிறோம். சற்று நேரத்தில் எரிச்சல் அடங்குகிறது. பாலே இதற்கு மருந்து என்று முடிவு கட்டி, மாதக்கணக்கில் இவ்வாறே காலத்தைக் கடத்துகிறோம். வலி அடங்குவது வேறு, புண் ஆறுவது வேறு என்பதை உணராமையால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆகவே, நம் சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும் பொருள்கள் இந்நோய்க்கு எம்மட்டில் உதவும் என்பதை ஆராய்வோம்.

நமது இரைப்பை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1½ லிட்டர் ஜீரண நீரைச் சுரக்கிறது. அதிலுள்ள அமிலம் மிக்க காரமுடையது. இரைப்பை தன்னையே ஜீரணித்துக்கொள்ளாதது ஏன்? அதன் உட்சுவரில் வழவழப்பான சளிப்படலம் ஒன்று கவசம்போல் படர்ந்திருக்கிறது. அக்கவசம் பழுதுறும்போது அமிலம் சுவரை அரிக்கிறது. இரைப்பையிலோ, அதனை அடுத்த முன்சிறுகுடலிலோ புண் உண்டாகிறது.

கவசம் பழுதுறுவது எதனால்? கவலையும் காரமான உணவுமே காரணம் என்று நெடுங்காலம் எண்ணி வந்தோம். 1982-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இன்று அதன் பெயர். பிறர் நம்ப மறுக்கவே, 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் நாம் விழுங்கும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் முதலிய மாத்திரைகள் மற்றொரு பெருங்காரணம்.

இனிப் பாலுக்கு வருவோம். பால் அமிலத்தைச் சிறிது நேரம் தணிக்கிறது என்பது மெய்யே. ஆனால் அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன. 1986-இல் நம் நாட்டு மருத்துவர்கள் முன்சிறுகுடற்புண் உடையோரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். இரு பிரிவினரும் ஒரே மாத்திரையை உண்டனர். நான்கு வாரங்களில், வழக்கமான உணவு கொண்டோரில் நூற்றுக்கு 78 பேருக்குப் புண் ஆறியது. பாலையே ஆகாரமாகக் கொண்டோரில் நூற்றுக்கு 53 பேருக்கே ஆறியது. ஆப்பச் சோடாவும் இத்தகையதே; நொடிநேர ஆறுதல் தரும், புண்ணை ஆற்றாது.

வாழைக்காயைப் பற்றிய நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், வாழைக்காய்ப் பொடி எலிகளின் இரைப்பைச் சுவருக்கு வலுவூட்டுவதைக் கண்டனர். எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று அறுதியிட இயலாது. எனினும் உணவாக உண்பதில் தீங்கில்லை. மணத்தக்காளிக் கீரைக்கும் இதுவே பொருந்தும். அதிமதுரத்திலோ எச்சரிக்கை வேண்டும். அதன் வேரிலுள்ள சத்திலிருந்து ஆக்கப்பெற்ற மருந்து ஒன்று 1960-களில் இங்கிலாந்தில் வயிற்றுப் புண்ணுக்கு வழங்கப்பட்டது. அது புண்ணை ஆற்றியது. உடன் வீக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் உண்டாக்கியது. ஆதலால் இரத்த அழுத்தம், இருதயநோய், சிறுநீரக நோய் உள்ளோர் அதிமதுரத்தை நாள்தோறும் உட்கொள்ளலாகாது.

மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. எவருக்கு எரிச்சலைத் தருகிறதோ அவர் குறைத்துக்கொண்டால் போதும். கடும் பத்தியம் இருந்து உடலை மெலியவிடுவது வீண். புகை பிடிப்பது புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. அதனை விடுவதே நாம் செய்யக்கூடிய சிறந்த இயற்கை வைத்தியம். மதுவும் ஆகாது. வலி மாத்திரைகளை நாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். மருத்துவர் இருதயத்துக்காக ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் அவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

கிருமி இருப்பதை மூச்சு, மலம் ஆகியவற்றின் பரிசோதனையாலோ, குழாய்க் கருவியால் இரைப்பையை நோக்கியோ அறியலாம். இருப்பின், பெரும்பாலும் 14 நாள் மருந்து அதனை ஒழிக்கப் போதுமானது. எரிச்சல் நின்றதும் இடையில் நிறுத்தாமல் முழுவதையும் உண்ண வேண்டும்.

மலம் தார்போல் கறுத்துப் போதல், இரத்தமாகவோ காப்பித் தூள் போன்றோ வாந்தியாதல், திடீரென்று தாங்கொணா வலி தோன்றி வயிறு பலகைபோல் இறுகுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. அக்கணமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றி எடை குறைந்தாலும், விழுங்குவது கடினமானாலும் காலந்தாழ்த்தாது மருத்துவரைக் காண்போமாக. எரிச்சல் இரண்டு வாரம் நீடித்தாலே பரிசோதனை செய்துகொள்வது நலம். பாலும் வாழைக்காயும் அதன்பின்னும் நமக்கு உணவாகவே இருக்கட்டும்.