ரோடியத்துக்குப் பக்கம் சொல்லும் ஈனிகள்

பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் எல்-டோபாவுக்கு ஓர் ஆடிப் பிம்பம் உண்டு. அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஆனால் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. அந்த மறுவடிவத்தால் நோயாளிக்குப் பயனில்லை. வழக்கமான முறையில் தயாரித்தாலோ இரண்டும் சரிபாதியாக வரும். வடிவம் தீர்மானமாவது, ஓர் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜன் ஏற்றும் படியில். அந்தப் பிணைப்பைச் சுற்றிய பகுதி தட்டையானது. ஒரு பக்கம் ஏறினால் ஒரு வடிவம், மறுபக்கம் ஏறினால் மற்றது. ஹைட்ரஜனை ஏற்றிவிடும் வினையூக்கியான ரோடியம் அணுவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அந்த அணுவைப் பிடித்திருக்கும் மூலக்கூறுகளே ஈனிகள். அவற்றுக்குக் கைத்தன்மை இருந்தால்? அமெரிக்காவின் மான்சாண்டோ நிறுவனத்தில் வில்லியம் நோல்ஸ் 1968-இல் இதைச் சோதித்தார். பாஸ்பரஸில் மூன்று வெவ்வேறு தொகுதிகள் கொண்ட ஈனியை ரோடியத்துடன் சேர்த்தார். கிடைத்த விளைபொருளில் ஒரு வடிவம் மற்றதைவிட 15 சதவீதம்தான் கூடுதல். மருந்து செய்யப் போதாது. ஆனால் உலோகத்துக்குப் பக்கம் கற்றுக்கொடுக்க முடியும் என்று தெரிந்துவிட்டது. 1971-இல் பிரான்சின் ஆன்றி ககான், நம் புளியிலும் இருக்கிற டார்டாரிக் அமிலத்திலிருந்து, இரண்டு பாஸ்பரஸ்களால் உலோகத்தைப் பற்றும் ஈனியைச் செய்தார். இருபுறமும் ஒரே மாதிரி அமைந்ததால், வினைபடு மூலக்கூறு உலோகத்தை அணுகும் வழிகள் குறைந்தன. நோல்ஸ் குழுவும் தன் பாஸ்பரஸ்களை இரண்டிரண்டாக இணைத்தது. அப்படிப் பிறந்த டைபாம்ப் என்ற ஈனி 95 சதவீத மிகுதியை எட்டியது. எல்-டோபா தொழிற்சாலைக்குப் போனது.

இந்த மிகுதிக்கு இரு வடிவங்களுக்கான வினைத் தடைகளிடையே தேவைப்பட்ட ஆற்றல் வேறுபாடு மோலுக்கு ஏறத்தாழ 2 கிலோகலோரி மட்டுமே. ஈத்தேனில் ஒற்றைப் பிணைப்பு சுழலத் தாண்டும் தடைகூட இதைவிடப் பெரிது. ஒரு மெத்தாக்ஸி தொகுதியை ஈனியின் வளையத்தில் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்கூட முடிவு மாறிவிடும்.

ஈனியின் பைக்குள் நன்றாகப் பொருந்தி அமரும் அமைப்பே விளைபொருளைத் தரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சிகாகோவில் ஜாக் ஹால்பெர்ன் குழு, ரோடியமும் வினைபடு மூலக்கூறும் சேர்ந்த அணைவைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தது. கரைசலில் மிகுதியாக இருந்த அந்த அணைவில், உலோகத்தைத் தொட்டிருந்தது தவறான பக்கம்! அதிலிருந்து வரவேண்டியது எதிர் வடிவம். உண்மையில் வேலையைச் செய்தது, கரைசலில் மிக அரிதாக இருந்த, நிலைத்தன்மை குறைந்த மற்றோர் அணைவு. ஹைட்ரஜனோடு அது பல நூறு மடங்கு வேகமாக வினைபுரிந்தது. தீரத் தீர, மிகுதியாக இருந்ததிலிருந்து புதிதாக உருவானது.

இத்துறையில் இதைவிட அழகான கண்டுபிடிப்பை நான் அறியேன். ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினால் தூய்மை குறைந்த புதிருக்கும் இதுவே விடை. ஹைட்ரஜன் மிகுந்தால் வினை முந்திக்கொள்கிறது. ஓர் அணைவு மற்றதாக மாற நேரம் கிடைப்பதில்லை. மிகுதியாக இருக்கும் அணைவும் வினைக்குள் இழுக்கப்பட்டுத் தவறான வடிவத்தைத் தருகிறது. எனவே ஈனியை வடிவமைப்பவர் கணிக்க வேண்டியது உலோகத்தின்மேல் எது வசதியாக அமர்கிறது என்பதை அல்ல. ஹைட்ரஜன் ஏறும் அந்தக் கணத்தில் எது குறைந்த தடையைத் தாண்டுகிறது என்பதை. அந்த நிலையைப் படிகமாக்கிப் பார்க்க முடியாது.