உண்ணியினாற் பரவும் புள்ளிக் காய்ச்சல்

நாயின் காதோரத்திலும் மாட்டின் கழுத்துத் தொங்கலிலும் ஒட்டிக்கிடக்கும் உண்ணியைக் காணாத கமக்காரர் இலர். அது விலங்கின் இரத்தத்தை உறிஞ்சி அதனை மெலிவிக்கும் என்பதை யாவரும் அறிவர். ஆனால், அதே உண்ணி மனிதருக்கும் கொடிய காய்ச்சலொன்றைக் கொண்டுவரும் என்பது அத்துணை அறியப்படவில்லை. இலங்கையில் இக்காய்ச்சல் கண்டியைச் சூழ்ந்த மத்திய மலைநாட்டிலே பெரிதும் காணப்படுகின்றது.

இந்நோயை விளைவிப்பது றிக்கெற்சியா என்னும் இனத்துப் பற்றீரியா. இது உயிருள்ள கலத்தினுள் மட்டுமே பெருகவல்லது. அமெரிக்காவின் மொன்ரானாப் பகுதியிலே மக்களைக் கொன்றுவந்த புள்ளிக் காய்ச்சலை உண்ணியே பரப்புகின்றதென 1906 ஆம் ஆண்டில் ஹவாட் றிக்கெற்ஸ் என்னும் அறிஞர் காட்டினார். நான்கு ஆண்டுகளின் பின், மெக்சிக்கோவிலே பேனினாற் பரவும் தைபசுக் காய்ச்சலை ஆராயுங்கால், அந்நோய்க்கே அவர் இரையானார். கிருமி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

உண்ணியின் வாழ்க்கையை அறிந்தாலன்றி நோய் பரவும் வழி விளங்காது. கபில நிற நாயுண்ணி சுவர் வெடிப்பிலும் நாய் படுக்கும் இடத்தின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். அவற்றிலிருந்து ஆறு கால்களையுடைய குடம்பிகள் வெளிவரும். குடம்பி இரத்தம் குடித்துக் கீழே விழுந்து தோலுரித்து, எட்டுக் கால் அணங்காகும். அணங்கும் அவ்வாறே குடித்து விழுந்து முதிர்ந்த உண்ணியாகும். கிருமி ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்கும், தாயிலிருந்து முட்டைக்குங்கூடச் செல்லும். ஆகவே, ஒருமுறையும் இரத்தம் குடியாத குடம்பியும் நோயைத் தாங்கியிருத்தல் கூடும். அது கடுகினுஞ் சிறிதாதலாலும் கடி நோவாதாதலாலும், கடிபட்டவர் பெரும்பாலும் அதனை உணர்வதேயில்லை.

கிருமி உமிழ்நீருடன் தோலினுட் புகுந்து, நுண்ணிய குருதிக் கலன்களின் உட்சுவரிலே பெருகத் தொடங்கும். ஏறக்குறைய ஒரு வாரஞ் சென்றபின் கடுங்காய்ச்சலும் தலைவலியும் தசைநோவும் தோன்றும். முதற் சில நாட்களில் இதனை வேறு காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிதல் வைத்தியருக்கும் எளிதன்று. மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் செந்நிறப் புள்ளிகள் எழும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை காணப்படுதல் கவனிக்கத்தக்கது. சிலருக்கு மூட்டுக்கள் வீங்கி நடக்கவும் இயலாமற் போகும். கடித்த இடத்திற் கறுத்த பொருக்கு உண்டாவதாக நூல்கள் கூறினும், மலைநாட்டு நோயாளரில் அது அரிதே. அஃதில்லையென்று ஐயத்தை விடுதல் தவறு. கவனியாதுவிடின் குருதிக் கலன்கள் பழுதுற்று மூளை, சுவாசப்பை, சிறுநீரகம் ஆகியன தாக்கப்படும். விரல் நுனிகள் அழுகுதலும் உண்டு. முதியோரும் நீரிழிவுடையோரும் கூடிய ஆபத்துக்குள்ளாவர்.

பெனிசிலின் வகை மருந்துகள் இக்கிருமியை ஒன்றுஞ் செய்யா. டொக்சிசைக்கிளின் என்னும் மருந்தோ, காலத்திற் கொடுக்கப்படின், இரண்டு மூன்று நாட்களிலே காய்ச்சலைத் தணிக்கும். இரத்தப் பரிசோதனையின் விடை பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே தெளிவாகும். அதுவரை காத்திராது வைத்தியர் மருந்தைத் தொடங்க வேண்டியிருத்தலால், நாய் வளர்த்தது, மாடு கட்டியது, பற்றையிற் புல்லறுத்தது ஆகியவற்றை நோயாளி தாமாகவே அவருக்குச் சொல்லுதல் வேண்டும். பலர் இதனைச் சொல்லுவதில்லை, கேட்பாரும் சிலரே.

யாழ்ப்பாணத்தில் உண்ணிக் காய்ச்சலென வழங்குவது பெரும்பாலும் வேறொரு நோய். அது பற்றைகளில் வாழும் சிற்றுண்ணியின் குடம்பியாற் பரவுவது. கறுத்த பொருக்கு அதிலே பலருக்குத் தோன்றும். அதற்கும் இம்மருந்தே பயன்படும்.

உடலில் உண்ணியைக் கண்டால் சுருட்டு நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் ஆகா. நுனி கூரிய சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காது நேரே மெல்ல இழுத்தெடுத்து, அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. விரலால் நசுக்கின், தோலின் கீறல் வழியாகவும் கண் வழியாகவும் கிருமி புகுதல் கூடும். நாயின் உண்ணியைப் போக்குவதற்கு மிருக வைத்தியர் கூறும் மருந்தை இடுமன்றே, அது படுக்கும் சாக்கினைக் கொதிநீரில் இட்டுச் சுவர் வெடிப்புக்களையும் பூசி அடைத்துவிடுக.