முழங்காலுக்கு மேலே

சென்ற வாரம் காட்பாடியில், வொர்த் டிரஸ்ட் பட்டறையில் பிரெயில் தட்டச்சு இயந்திரம் உருவாவதைப் பார்த்தோம். அது விரலுக்கான கருவி. இந்த வாரம் நெற்றிக்கு.

வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க ஒரகடம் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒருமுறை தரையை விட்டுவிட்டு, நெற்றி உயரத்தில் என்னென்ன நீட்டிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள். டீக்கடைத் தகரக் கூரையின் விளிம்பு. ஓரங்கட்டி நிற்கும் லாரியின் பக்கக் கண்ணாடி. புதுக் கார்களை அடுக்கிப் போகும் டிரெய்லரின் பின்சட்டம். எப்போதோ நடந்த கல்யாணத்தின் ஃபிளெக்ஸ் போய்விட்டது, சவுக்குக் கட்டை போகவில்லை. நாம் இவற்றைக் கவனிப்பதே இல்லை. கண் பார்த்துக்கொள்கிறது, தலை தானாகக் குனிகிறது. வெள்ளைக் கைத்தடியோடு வருகிறவருக்கோ டிரெய்லரின் பின்பக்கம் ஒரு பொறி. சட்டத்துக்கு அடியில் வெறும் காற்று. வழி இருக்கிறது என்றே தடி சொல்லும்.

தடியைக் குறை சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ஹூவர் வகுத்த முறைதான் இன்றும் நடமாட்டப் பயிற்சியின் அடிப்படை: நீளமான, எடையில்லாத தடி, அடிக்கு அடி இடமும் வலமுமாக வீச்சு. பள்ளம், படி, கால்வாய் எல்லாம் அதற்குத் தெரியும். முழங்காலுக்கு மேலே உள்ள உலகம்தான் அதற்குத் தெரியாது.

டெல்லி ஐஐடியில் பேராசிரியர் எம். பாலகிருஷ்ணனும் ரோஹன் பால் உள்ளிட்ட மாணவர்களும் கையில் எடுத்தது இந்த ஒரு குறையைத்தான். பாடத்தின் பகுதியாகத் தொடங்கிய மாணவர் வேலை அது. பார்வையற்றவர்களிடம் போய்க் கேட்டார்கள். அவர்கள் ரோபோவும் கேட்கவில்லை, பேசும் கண்ணாடியும் கேட்கவில்லை. மேலே இடிக்கிறது என்றார்கள். வௌவால் செய்வதைப் போலக் காதுக்கு எட்டாத ஒலியை முன்னே அனுப்பி, அது மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும் சிறு கருவி பிறந்தது. ஸ்மார்ட்கேன் என்று பெயர். சாதாரண மடக்குக் குச்சியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டால் போதும். சுமார் 3 மீட்டர் வரை முழங்காலிலிருந்து தலை மட்டம் வரை தடை இருந்தால் உள்ளங்கையில் அதிர்வு வரும். நெருங்க நெருங்க அதிர்வின் நடை மாறும்.

2014-இல் விற்பனைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 3,000 ரூபாய். வெளிநாட்டுக் கருவிகள் அப்போது இதைவிடப் பல மடங்கு விலை. தயாரித்தது நம் சென்னை நிறுவனம், ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். பச்சிளம் குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி செய்து பழகிய கைகள் அவை. ஆய்வகத்தில் ஒன்று செய்து காட்டிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. ஆயிரக்கணக்கில், கீழே விழுந்தாலும் உடையாமல், ஏழைக்கும் எட்டும் விலையில் செய்வதுதான் பாடு. ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அது செய்யாமல் விட்டவை. தடியை அது பிடுங்கவில்லை; பள்ளம் பார்க்கும் வேலையைப் பழைய தடியிடமே விட்டுவிட்டது. பீப் என்று கத்தவும் இல்லை. பார்வையற்றவருக்குக் காதுதான் சாலை. பின்னால் வருவது பஸ்ஸா ஷேர் ஆட்டோவா, எவ்வளவு தள்ளி வருகிறது, திரும்புகிறதா என்று எல்லாமே எஞ்சின் சத்தத்தில் இருக்கிறது. அதை அடைத்துவிட்டு வேறு எதைக் கொடுத்தும் பயனில்லை.

அந்தச் சத்தத்துக்கே இப்போது ஆபத்து. மின்சார வண்டி மெதுவாக வரும்போது டயர் உரசல்கூடச் சரியாகக் கேட்பதில்லை. இதை முதலில் பெரிய பிரச்சினையாக்கியவர்கள் அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பினர். அவர்கள் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக 2010-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: சத்தமில்லாத வண்டி செயற்கையாகவாவது ஒலி எழுப்ப வேண்டும். ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கு அது கட்டாயம். கார் ஓட்டவே போகாதவர்கள் கார் தயாரிப்பையே மாற்றினார்கள்!

நம் நாட்டிலும் 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவை வெளியிட்டது. 2026 அக்டோபர் முதல் புதிய மாடல் மின்சார கார், பேருந்து, சரக்கு வண்டிகளில் ஒலிக்கருவி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்லதுதான். ஆனால் இருசக்கர வண்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்று பாருங்கள். யூ-டர்ன் தூரம் என்று எதிர்த்திசையில், சாலை ஓரத்தை ஒட்டியே வருகிறது ஒரு மின்சார ஸ்கூட்டர். தடி பிடித்தவர் நடப்பதும் அதே ஓரத்தில்தான்.

(தொடரும்)