மாம்பழப் பெட்டியின் வைக்கோல்

ஏப்ரல், மே வந்தால் மும்பை விக்ரோலியின் பழக்கடைகளில் அல்போன்சா பெட்டிகள் இறங்கும். பழம் வீட்டுக்கு, அதைத் தாங்கி வந்த வைக்கோல் குப்பைக்கு!

வைக்கோல் லேசில் மக்காது. அதன் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின்தான் காரணம். அதைச் சிதைக்கும் நொதி சிப்பிக்காளானிடம் உண்டு. மக்கும் வைக்கோல் குவியலைக் கிளறினால் வெள்ளைப் பூஞ்சை நூல் படர்ந்திருக்கும். கெட்டுவிட்டதென்று வீசிவிட வேண்டாம், வேலை நடக்கிறது.

இன்னும் பிடிவாதமானது தென்னை நார்க்கழிவு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு: ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி காளான் வித்து. அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சுமார் 60 நாளில் உரம்.

டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் மக்கவைக்கும் பூஞ்சையைக் கேப்சூலிலேயே அடைத்துவிட்டது. வெல்லத் தண்ணீரிலும் கடலை மாவிலும் அதை வளர்த்து, 2020-இல் டெல்லி நெல்வயல்களின் தாளடியில் தெளித்தார்கள்.