வேலியை எங்கே போடுவது?

ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துத் தாளுக்கு ஒரு மணித்தியாலம். அதில் இரண்டாவது வினாவுக்கு 40 நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள்; குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும், புள்ளியோ முதல் வினாவைப் போல இரண்டு மடங்கு. அங்கே அடிக்கடி தலைகாட்டுகிற ஒரு வகைதான் பிரச்சினையும் தீர்வும் கேட்கும் கட்டுரை. போக்குவரத்து நெரிசல், பிள்ளைகளின் உடற்பருமன், பிளாஸ்டிக் கழிவு என்று தலைப்பு மாறிக்கொண்டே இருக்கும். கட்டுரை இயங்கும் முறை மாறாது.

வகுப்புகளில் அரைத்த தலைப்புகளை விட்டுவிட்டு மாத்தளை மாவட்டத்து லக்கலவுக்குப் போவோம். நக்கிள்ஸ் மலைகளை ஒட்டிய ஊர். களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தைத் தண்ணீருக்கு விட்டுக்கொடுத்து, 2018இல் புது நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. சற்றுத் தள்ளி, 1984இல் தேசியப் பூங்காவான வஸ்கமுவ இருக்கிறது. இந்தப் பக்கத்தில் வயல் வைத்திருப்பவருக்குப் பிரச்சினை என்றால் முதலில் யானைதான்.

வினா இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘சில நாடுகளில் காட்டு விலங்குகள் விளைச்சலை அழிக்கின்றன. இதற்குக் காரணங்கள் என்ன? எவ்வாறு தீர்க்கலாம்?’ கேட்டிருப்பது காரணம். பயிர் நாசம், உயிரிழப்பு, கடன் என்று விளைவுகளை அடுக்கினால் ஆங்கிலம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பாதி வினா விடையில்லாமல் கிடக்கும். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்துகள் கோவையாக ஓடுகின்றனவா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்று பரீட்சகர் பார்ப்பவை நான்கு. நான்குக்கும் சம எடை.

பலவீனமான கட்டுரையின் எலும்புக்கூடு இதுதான். காரணம்: காடழிப்பு. தீர்வு: அரசாங்கம் மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு முடிச்சும் இல்லை. விழிப்புணர்வு என்பது எந்த நோவுக்கும் பூசுகிற தைலம். பரீட்சகருக்கு அதன் வாசம் அலுத்துப்போயிருக்கும்.

முடிச்சு எப்படி விழுகிறது என்பதை மின்வேலியை வைத்துப் பார்க்கலாம். யானை காட்டுக்குள் வாழ்கிறது, எல்லை தாண்டி ஊருக்குள் வருகிறது என்பது காரணமானால், காட்டின் எல்லையில் வேலி போடுவது பொருத்தமான தீர்வு. இலங்கை நெடுங்காலமாகச் செய்ததும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் யானை ஆய்வாளர் பிருத்விராஜ் பெர்னாண்டோவும் உடன் ஆய்வாளர்களும் நாடு முழுவதையும் ஆராய்ந்தபோது, தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் நடமாடுவதும், அந்த நடமாட்டப் பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதர்களும் குடியிருப்பதும் தெரியவந்தது. எல்லை வேலிக்கு இரு பக்கமும் யானை நின்றால் அந்த வேலி யாரைத் தடுக்கும்? காரணத்தைத் திருத்தி எழுதியதும் தீர்வும் இடம் மாறுகிறது: வேலி ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் வர வேண்டும். வயல் வேலியை விதைப்புக் காலத்தில் கட்டி, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். பராமரிப்பு அந்த விவசாயிகள் கையிலேயே இருக்கும். ஒரு முழுப் பந்திக்கு இது போதும்.

இரண்டாவது பந்திக்கு வேறொரு காரணம். நெல்லும் சோளமும் யானைக்குப் பிடித்த தீனி. அப்படியானால் அது விரும்பாததை நட்டால் என்ன? வஸ்கமுவ வட்டாரத்தில் இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் வீட்டுத் தோட்டங்களில் தோடை நடவைத்தது இந்தக் கணக்கில்தான். தோடை இனப் பழங்களை யானை நாடுவதில்லை. வீட்டுக்கோ பழம் விற்ற காசு கிடைக்கும். இங்கே காரணமும் தீர்வும் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நெல்லை விட்டுவிட்டுத் தோடை மட்டும் நட முடியாதே என்று ஒரு வரியில் அதன் எல்லையையும் சொல்லிவிட்டால் கட்டுரைக்குக் கனம் கூடும். பரீட்சைக்கு வருகிற பலர் தங்கள் தீர்வில் குறை சொல்லப் பயப்படுகிறார்கள். வீண் பயம்.

ஆக, தீர்வுப் பந்தி ஒவ்வொன்றிலும் யார் செய்வது, என்ன செய்வது, அது காரணத்தை எப்படி அறுக்கும் என்ற மூன்றும் வந்தாக வேண்டும். ‘வேலி போட்டால் யானை வராது’ என்று அடித்துச் சொல்லாமல் ‘வருவது குறையக்கூடும்’ என்று எழுதுவது, இலக்கணப் புள்ளிக்கும் உண்மைக்கும் ஒரே நேரத்தில் நல்லது. முன்னுரைக்கு இரண்டு மூன்று வாக்கியம். முடிவுரையில் புதுத் தீர்வு எதுவும் கூடாது. சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம் என்று வினாத்தாளே சொல்கிறது. பார்த்தறியாத லண்டன் நெரிசலைவிட, இரவில் யானை வெடி போடும் காவல் குடிலைப் பற்றி லக்கலப் பிள்ளை நன்றாக எழுதும்.

பேனாவைத் தொடுமுன் ஐந்து நிமிடம் தாளின் ஓரத்தில் இரண்டு காரணம், அவற்றுக்கு நேரே இரண்டு தீர்வு என்று தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கோடு போட்டு இணைக்க முடியாததை அப்போதே வெட்டிவிடலாம். கடைசியில் 250 சொல் தேறவில்லை என்றால் மூன்றாவது தீர்வைத் தேடி ஓட வேண்டாம். இரண்டாவது தீர்வு எப்படி வேலை செய்யும் என்பதை இன்னும் இரண்டு வாக்கியம் விரித்தால் சரி.