உடல் கனத்தோர்க்கு உகந்த சைக்கிள்: அலுமினியமா, கார்பனா?

நூறு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ள ஒருவர் சாலைச் சைக்கிள் ஒன்று வாங்கச் செல்கிறார் என்று கொள்வோம். கடையில் இரு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றன் சட்டம் அலுமினியக் கலவையால் ஆனது; வண்டியின் எடை 9 கிலோகிராம். மற்றதன் சட்டம் கார்பன் இழையால் ஆனது, எடை 8 கிலோகிராம், விலையோ பன்மடங்கு. கார்பன் கனத்த உடலைத் தாங்காது முறிந்துவிடும் என்பார் ஒருவர். அலுமினியம் நாளடைவில் களைத்து வெடித்துவிடும் என்பார் மற்றொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் வாங்குபவர் முதலில் நோக்க வேண்டிய இடம் வேறு.

எடைக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். மேட்டில் ஏறும்போது கால்கள் உயர்த்துவது வண்டியை மட்டுமன்று, ஏறியிருப்பவரையும் சேர்த்தே. 105 கிலோகிராம் எடையுள்ளவர் அலுமினிய வண்டியில் அமர்ந்தால் மொத்தம் 114. கார்பன் வண்டியில் 113. வேறுபாடு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மணி நேரம் நீளும் ஏற்றத்தில் அரை நிமிடம் மிச்சமாகும், அவ்வளவே. புட்டியிலுள்ள தண்ணீரைக் குடித்துத் தீர்த்தாலும் வண்டி அந்த அளவுக்கு இலேசாகும்! சர்வதேசச் சைக்கிள் சங்கம் பந்தய வண்டிக்கு 6.8 கிலோகிராம் என்னும் கீழெல்லையை விதித்திருக்கிறது. அந்த எல்லையைத் தொட முயல்வது பந்தய வீரர்களின் கவலை. அலுவலகம் செல்வோர்க்கும் ஞாயிறுதோறும் ஐம்பது கிலோமீட்டர் செல்வோர்க்கும் அது வேண்டுவதில்லை.

இனி வலிமை. அலுமினியத்தின் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே விகிதத்தில் குறைவு. ஆகவேதான் அலுமினியச் சட்டத்தின் குழாய்கள் பருத்திருக்கின்றன. சுவரின் கனத்தை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் எடை இரு மடங்காகும். வளைவை எதிர்க்கும் விறைப்போ எட்டு மடங்காகும். உருக்கு, ஒரு வரம்புக்கு உட்பட்ட தகைவை எத்தனை முறை ஏற்றாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. சிறு தகைவும் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப நேர்ந்தால் கணக்கில் சேரும். பாரம் சற்றுக் கூடினாலும் ஆயுள் வெகுவாகக் குறையும். இதை அறிந்தே பொறியாளர்கள் குழாய்களை வேண்டிய அளவுக்குக் கனமாக அமைக்கின்றனர். ஐ.எஸ்.ஓ. 4210 தரத்தின்படி பந்தயச் சைக்கிள் சட்டம், பெடல்களில் 1,100 நியூட்டன் விசையை 1,00,000 முறை தாங்க வேண்டும். 112 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரே பெடல்மீது முழு உடலையும் ஊன்றி நிற்பதற்கு இது சமம்.

கார்பன் இழை களைப்பை நன்கு தாங்கும். பிசினில் தோய்ந்த இழைகளை அடுக்கடுக்காகப் பல கோணங்களில் பதித்துச் சட்டம் செய்யப்படுகிறது. இழையின் நெடுக்கில் அதன் வலிமை வியக்கத்தக்கது. பக்கவாட்டில் விழும் அடிக்கும், இறுகப் பற்றும் பிடிப்புக்கும் அது இளைத்தது. அலுமினியக் குழாய் அடிபட்டால் நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியும். கார்பனில் மேற்பூச்சு கலையாமலே உள்ளடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஆதலால் முன்வரலாறு தெரியாத பழைய கார்பன் வண்டியைக் கனத்த உடலினர் வாங்காதிருத்தல் நலம். திருகாணிகளை முடுக்க முறுக்குவிசை அளக்கும் கருவி வேண்டும். பல உறுப்புகளில் 5 நியூட்டன்-மீட்டர் என்றே அச்சிட்டிருக்கும். கைப்பழக்கத்தை நம்பி முடுக்கும் கடைக்காரரிடம் இவ்வண்டியை ஒப்படைப்பது தகாது.

மறைந்த சேதம் கார்பனுக்கு மட்டுமே உரியதன்று. 2006ஆம் ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்காபி என்னும் அமெரிக்க வீரரின் ஹேண்டில் ஓட்டத்தினிடையே கையோடு வந்துவிட்டது. அவர் விழுந்து தோளில் காயமுற்றார். முறிந்தது ஃபோர்க்கின் மேல்தண்டு. அது அலுமினியத்தால் ஆனது. அன்றே முன்னதாக அவர் ஒருமுறை விழுந்திருந்தார்.

சட்டத்தைப் பற்றி இத்தனை விவாதம் நடக்கையில், கனத்த உடலினர்க்கு உண்மையில் முதலில் தொல்லை தருவது பின்சக்கரமே. மொத்தப் பாரத்தில் பாதிக்கு மேல் அதன்மீது இறங்குகிறது. இருபது, இருபத்து நான்கு ஸ்போக் கம்பிகளே கொண்ட சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் அதிக வேலை செய்கிறது. இழுவிசை ஒழுங்கின்றி இருப்பின் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறும். முப்பத்திரண்டு கம்பிகளுடன் கையால் சீராகக் கட்டிய சக்கரம், பார்வைக்கு எளியதாயினும், நெடுநாள் உழைக்கும். டயரின் அகலம் 28 அல்லது 32 மில்லிமீட்டர் இருந்தால் குழிகளில் ரிம் அடிபடாது. சட்டத்தில் அதற்கு இடமுண்டா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தயாரிப்பாளர் குறித்த பார எல்லையையும் படித்தறிய வேண்டும். பலர் 120 கிலோகிராமை ஒட்டிய எல்லையைத் தருகின்றனர். அதில் பெரும்பாலும் வண்டி, பை, தண்ணீர் யாவும் அடங்கும். சக்கரங்களுக்குத் தனி எல்லை இருப்பதும் உண்டு.

கணக்கெல்லாம் பார்த்தால், முதலில் கூறிய அன்பர் அலுமினிய வண்டியை வாங்கி, மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை நல்ல சக்கரங்களுக்குச் செலவிடுவதே பொருத்தம். கார்பனையே விரும்பினால், எல்லைக்குள் அடங்குமாயின், அஞ்ச வேண்டுவதில்லை. எவ்வகையாயினும் மாதம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, பெடல் அச்சின் அருகிலும் ஹேண்டில் கழுத்தின் அடியிலும் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் மற்றொரு வேலையும் உண்டு: அலுமினியச் சட்டத்தில் கார்பன் இருக்கைத் தண்டு பொருத்தியிருந்தால், உப்புநீரும் வியர்வையும் புகுந்து மின்வேதி அரிப்பு உண்டாகித் தண்டு இறுகிவிடும். ஆண்டுக்கு இருமுறை அதை வெளியே எடுத்துத் துடைத்து, கார்பனுக்கென விற்கும் பசையைத் தடவி மீண்டும் பொருத்த வேண்டும்.